எக்சிகியூட்டிவ் எம்பிஏ: ஐந்தாவது ஆண்டிலா, பத்தாவதிலா, பதினைந்துக்குப் பிறகா?

சென்னையில் ஐடியிலோ வாகனத் தொழிற்சாலையிலோ ஏழெட்டு ஆண்டு வேலை பார்த்த பலருக்கு, வேலை அனுபவம் உள்ளவர்களுக்கான மேலாண்மைப் படிப்பான எக்சிகியூட்டிவ் எம்பிஏவை எப்போது படிப்பது என்ற கேள்வி ஒரு கட்டத்தில் வந்துவிடுகிறது. கூடவே வேலையில் சேர்ந்த ஒருவர் ராஜினாமா செய்துவிட்டு ஹைதராபாத்தில் உள்ள ஐஎஸ்பி மேலாண்மைப் பள்ளிக்குக் கிளம்புகிறார். இன்னொருவர் சனி, ஞாயிறு வகுப்பில் எடுத்த படத்தை லிங்க்ட்இன்னில் போடுகிறார். அப்ரைசலில் மேலாளர், "டெக்னிக்கலா உங்ககிட்ட குறையே இல்ல, பிசினஸ் பக்கம் இன்னும் கொஞ்சம் வரணும்" என்கிறார். சரி, நாமும் படித்துவிடலாம் என்று தோன்றுகிறது. படிக்கலாம், ஆனால் இப்போதா, இன்னும் நாலு வருஷம் கழித்தா?

எந்தக் கல்லூரி என்று அலசும் கட்டுரைகள் நிறைய இருக்கின்றன. எப்போது என்பதை முதலில் முடிவு செய்தால் எந்தக் கல்லூரி என்பது பாதி தானாகவே முடிவாகிவிடும். காரணம், இந்தப் படிப்புகள் எல்லாமே அனுபவ ஆண்டுகளை வைத்துத்தான் ஆளைச் சேர்க்கின்றன. ஐஎஸ்பியின் ஓராண்டு பிஜிபிக்கு இரண்டு ஆண்டு அனுபவம் இருந்தால் விண்ணப்பிக்கலாம். ஐஐஎம் அகமதாபாத்தின் பிஜிபிஎக்ஸ் நான்கு ஆண்டு அனுபவமும் 25 வயதும் கேட்கிறது. ஐஐஎம் பெங்களூருவின் இபிஜிபியும் ஐஐஎம் கல்கத்தாவின் எம்பிஏ-இஎக்ஸும் ஐந்து ஆண்டு கேட்கின்றன. வேலையில் இருந்துகொண்டே படிக்கும் ஐஎஸ்பியின் பிஜிபி மேக்ஸுக்குப் பத்து ஆண்டு வேண்டும்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நிறுவனத்தின் பணமும் ஆட்களும் முதன்முறையாக உங்கள் பொறுப்புக்கு வரும் அந்த ஓரிரண்டு ஆண்டுதான் படிப்பதற்குச் சரியான காலம். பெரும்பாலோருக்கு அது எட்டாவது ஆண்டிலிருந்து பன்னிரண்டாவது ஆண்டுக்குள் வரும். அப்போது வேலையை விடாமல் படிப்பதே மேல். வேலையை விட்டுவிட்டு முழுநேரம் படிப்பது, செய்கிற வேலையின் திசையையே மாற்ற விரும்புகிறவர்களுக்கு மட்டும்தான். அதையும் எட்டாவது ஆண்டைத் தாண்டவிடக் கூடாது. நிறுவனங்களின் பயிற்சிப் பிரிவில் நீண்ட காலம் வேலை பார்த்து, படித்துவிட்டுத் திரும்பியவர்களையும் படிக்காமல் மேலே போனவர்களையும் பக்கத்திலிருந்து பார்த்ததில் வந்த கருத்து இது.

மூன்று ஆண்டிலேயே கிளம்புவது

வேலைக்குச் சேர்ந்து இரண்டு, மூன்று ஆண்டிலேயே ஐஐஎம் நுழைவுத் தேர்வான கேட் எழுதி இரண்டாண்டு முழுநேர எம்பிஏவுக்குப் போவது தெரிந்த பாதை. எக்சிகியூட்டிவ் கல்வி என்று இதைச் சொல்ல முடியாது என்றாலும், அதற்கு மாற்றாக இதைத்தான் எல்லோரும் முதலில் யோசிக்கிறார்கள். சம்பளம் குறைவாக இருப்பதால் இழப்பும் குறைவு, கல்லூரி வளாக நேர்காணலில் நல்ல நிறுவனங்கள் கிடைக்கும், குடும்பப் பொறுப்பு பெரும்பாலும் இருக்காது. கன்சல்டிங், முதலீட்டு வங்கி, நுகர்பொருள் நிறுவனங்களின் மார்க்கெட்டிங் ஆகிய மூன்றில் ஒன்றுக்குள் நுழைய வேண்டுமென்றால் இந்த வாசல்தான் பெரிய வாசல்.

படிப்பின் ஆழத்தைப் பார்த்தால் இதில் ஒரு குறை உண்டு. மேலாண்மை வகுப்பில் பேராசிரியர் சொல்வது பாதி, பக்கத்து இருக்கைக்காரர் சொல்வது மீதி. கேஸ் ஸ்டடி முறையே அப்படித்தான் அமைந்திருக்கிறது. ஒரு ஆலையில் வேலைநிறுத்தம் நடந்த கதையை வகுப்பில் அலசும்போது, அதை நேரில் பார்த்த ஒருவர் அங்கே இருந்தால் அந்த ஒன்றரை மணி நேரம் வேறு மாதிரி இருக்கும். இருபத்து மூன்று வயதுக்காரர்கள் நிறைந்த வகுப்பில் அது கிடைப்பது அரிது. அனுபவம் உள்ளவர்களுக்குத் தனி வகுப்பு வேண்டும் என்ற எண்ணமே இந்தக் குறையிலிருந்து வந்ததுதான். சிகாகோ பல்கலைக்கழகம் முதல் எக்சிகியூட்டிவ் எம்பிஏவை 1943இல் தொடங்கியது. இந்தியாவில் வேலையில் இருக்கும் மேலாளர்களுக்கென்றே ஹைதராபாத்தில் ஆஸ்கி எனப்படும் நிர்வாகப் பணியாளர் கல்லூரி 1956இல் வந்தது. அகமதாபாத், கல்கத்தா ஐஐஎம்களுக்கே அப்போது இன்னும் ஐந்து ஆண்டு இருந்தது.

பின்னாளில் பெப்சிகோவின் தலைமைச் செயல் அதிகாரியான இந்திரா நூயி 1976இல் கல்கத்தா ஐஐஎம்மில் முடித்து, இந்தியாவில் ஓரிரு ஆண்டு வேலை பார்த்துவிட்டு, மறுபடியும் யேல் பல்கலைக்கழகத்தில் மேலாண்மை படித்து 1980இல் வெளியே வந்தார். சீக்கிரம் படித்தவர்கள் பிறகு படிக்கவே தேவையில்லை என்று யாராவது சொன்னால் இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

வேலையை விட்டு ஓராண்டு

ஐஎஸ்பி 2001இல் வகுப்புகளைத் தொடங்கியபோது ஓராண்டு எம்பிஏ இங்கே புதுசு. அகமதாபாத் 2006இல் பிஜிபிஎக்ஸைக் கொண்டுவந்தது, பிறகு மற்ற ஐஐஎம்களும் சேர்ந்துகொண்டன. சென்னையில் பாலா பாலச்சந்திரன் 2004இல் தொடங்கிய கிரேட் லேக்ஸும் இதே ஓராண்டுப் பாதையில் வந்ததுதான். புதுக்கோட்டைக்காரரான அவர் அமெரிக்காவின் கெல்லாக் பள்ளியில் நெடுங்காலம் பேராசிரியராக இருந்தவர், ஐஎஸ்பி உருவானதிலும் அவருக்குப் பங்கு உண்டு.

இந்த ஓராண்டு யாருக்குப் பொருந்தும்? ஏழு ஆண்டு மென்பொருள் டெஸ்டிங்கில் இருந்துவிட்டு புராடக்ட் மேனேஜராக விரும்புகிறவருக்குப் பொருந்தும். ஒரகடத்தில் தரக் கட்டுப்பாட்டில் இருந்துகொண்டு, உலக அளவிலான சப்ளை செயின் வேலைக்குப் போக நினைக்கிறவருக்கும் பொருந்தும். நிறுவனத்துக்குள்ளிருந்தே இப்படித் திசை மாறுவது கடினம். நீங்கள் டெஸ்டிங் ஆள் என்று ஒருமுறை பெயர் விழுந்துவிட்டால் அதை அழிக்க வெளியே போய்த் திரும்ப வேண்டியிருக்கிறது. ஓராண்டு வகுப்பும் அதன் பிளேஸ்மென்ட்டும் செய்வது அந்த வேலையைத்தான்.

சுந்தர் பிச்சையின் வழியும் கிட்டத்தட்ட இதுதான். ஸ்டான்ஃபோர்டில் பொறியியல் முதுகலை, அப்ளைடு மெட்டீரியல்ஸில் பொறியாளர் வேலை, அப்புறம் 2002இல் வார்ட்டனில் எம்பிஏ, மெக்கின்சி, அதன் பிறகுதான் கூகுள். அவர் படித்தது இரண்டாண்டுப் படிப்பு. ஆனாலும் பொறியாளர் என்ற இடத்திலிருந்து நகர ஒரு இடைவெளியை எடுத்துக்கொண்டார் என்பது இங்கே பொருந்தும்.

எட்டாவது ஆண்டைத் தாண்ட வேண்டாம் என்று நான் சொல்வதற்குக் காரணம் பிளேஸ்மென்ட்டுக்கு வரும் வேலைகளின் அளவு. அங்கே வரும் நிறுவனங்கள் தேடுவது பெரும்பாலும் நடு நிலை மேலாளர்களை. பதினான்கு ஆண்டு அனுபவத்தோடு போகிறவருக்கு ஏற்ற பதவிகள் அங்கே குறைவாகத்தான் வரும். அந்த உயரத்து வேலைகள் தெரிந்தவர்கள் வழியாகவும் உயர் பதவிக்கு ஆள் தேடித் தரும் நிறுவனங்கள் வழியாகவும் நிரப்பப்படுகின்றன. அதனால் அவர் முன்பு வாங்கிய சம்பளத்துக்கே திரும்புவதும் நடக்கிறது. அனுபவம் அதிகம் என்பதே அங்கே எதிராக வேலை செய்யும்.

சந்தை எப்போது கவிழும் என்பது நம் கையில் இல்லை, அது இன்னொரு ஆபத்து. 2008 ஏப்ரலில் வேலையை விட்டு வகுப்பில் உட்கார்ந்தவர் செப்டம்பரில் லீமன் பிரதர்ஸ் திவாலானதைச் செய்தியில் பார்த்தார். பிளேஸ்மென்ட் நேரத்தில் உலகமே ஆள் எடுப்பதை நிறுத்தியிருந்தது. ஓராண்டுப் படிப்பில் கோடைக்கால இன்டர்ன்ஷிப் கிடையாது, காத்திருக்க இரண்டாவது ஆண்டும் கிடையாது. ஆறு மாத வீட்டுச் செலவைத் தனியே எடுத்து வைக்காமல் இந்த வழியில் இறங்க வேண்டாம்.

பணக் கணக்கு

இங்கே கொஞ்சம் நிதானமாகக் கணக்குப் போட வேண்டும், ஏனென்றால் பலரும் கட்டணத்தை மட்டும்தான் பார்க்கிறார்கள். ஐஎஸ்பியிலும் ஐஐஎம் அகமதாபாத்திலும் ஓராண்டுப் படிப்பு 30 லட்சத்துக்கு மேல் போகிறது. உதாரணமாக, மாதம் ஒன்றரை லட்சம் கையில் வாங்கும் ஒருவர் 35 லட்சம் கடன் வாங்கிப் படிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வட்டி 10 சதவீதம், பத்து ஆண்டில் அடைக்க வேண்டும். மாதத் தவணை சுமார் 46,000 ரூபாய், மொத்தம் கட்டுவது 55 லட்சத்துக்குச் சற்று மேல். படிக்கும் காலத்துக்கான வட்டி இதில் சேரவில்லை. வேலையை விட்டதால் போன சம்பளம் 18 லட்சம். ஆகக் கூடி 73 லட்சம்.

பத்து ஆண்டில் இது திரும்பி வர வேண்டுமென்றால், படிக்காமல் இருந்திருந்தால் வாங்கியிருக்கக்கூடிய சம்பளத்தைவிட ஆண்டுக்கு ஏழு லட்சத்துக்கு மேல் கூடுதலாகக் கையில் வர வேண்டும். 30 சதவீத வரி அடுக்கில் இருப்பவருக்கு அது சம்பளத்தில் பத்து லட்சத்துக்கு மேலான வித்தியாசம். "படிக்காமல் இருந்திருந்தால்" என்பதை விட்டுவிடாதீர்கள். படிப்புக்கு முன் வாங்கிய சம்பளத்தோடு ஒப்பிட்டால் எந்தப் படிப்பும் லாபமாகத்தான் தெரியும். அந்த ஓராண்டில் வந்திருக்கக்கூடிய உயர்வு, வேறு நிறுவனத்துக்கு மாறியிருந்தால் கிடைத்திருக்கக்கூடிய உயர்வு இரண்டையும் சேர்த்துக்கொண்டு ஒப்பிட வேண்டும்.

இருபத்தெட்டு வயதில் இந்தக் கணக்கு நேராகும் வாய்ப்பு அதிகம், சம்பாதிக்கும் ஆண்டுகள் இன்னும் முப்பது இருக்கின்றன. முப்பத்தெட்டில் வீட்டுக் கடன் ஓடிக்கொண்டிருக்கும், பிள்ளையின் பள்ளிக் கட்டணம் இருக்கும், பெற்றோருக்கு மருத்துவச் செலவு தொடங்கியிருக்கும். கல்விக் கடனின் வட்டிக்கு எட்டு ஆண்டு வரை வருமான வரிக் கழிவு உண்டு, ஆனால் பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு மட்டும். புதிய முறைக்கு மாறிவிட்டவர்கள் இந்தச் சலுகையைக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

வார இறுதி வகுப்பு எப்படி? கட்டணம் 12 லட்சம், இரண்டு ஆண்டு என்று வைத்தால் மாதம் 50,000. சம்பளம் நிற்பதில்லை, பணிமூப்பு போவதில்லை, மருத்துவக் காப்பீடு தொடர்கிறது. 73 லட்சத்துக்கும் 12 லட்சத்துக்கும் உள்ள தூரத்தைப் பார்த்தால், முழுநேரப் படிப்பு திசை மாற்றம் என்ற ஒன்றைத் தரவில்லையென்றால் அதை எடுக்கக் காரணமே இல்லை.

வேலையோடு சேர்த்துப் படிப்பது

இதைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். நம் ஊரில் இரண்டாம் தரம் போலப் பார்க்கப்படும் பாதை இது. "பார்ட் டைமா?" என்று கேட்கும் குரலிலேயே ஒரு இறக்கம் இருக்கும். மைக்ரோசாஃப்டில் வேலை பார்த்துக்கொண்டே வார இறுதிகளில் சிகாகோவுக்கு விமானத்தில் போய் வந்து, 1997இல் எம்பிஏ முடித்தவர், பின்னாளில் அதன் தலைமைச் செயல் அதிகாரியான சத்யா நாதெல்லா. ஐபிஎம்மில் இருந்தபடி டியூக் பல்கலைக்கழகத்தின் மாலை வகுப்பில் படித்து 1988இல் எம்பிஏ வாங்கியவர், பின்னாளில் ஆப்பிளின் தலைமைச் செயல் அதிகாரியான டிம் குக். இரண்டு பேருமே அதற்காக வேலையை விடவில்லை.

சென்னைக்காரர்களுக்கு இதில் நல்ல வாய்ப்புகள் உண்டு. ஐஐடி மெட்ராஸ் வேலையில் இருப்பவர்களுக்கு இரண்டாண்டு எக்சிகியூட்டிவ் எம்பிஏ நடத்துகிறது. திருச்சி ஐஐஎம் 2011இல் தொடங்கியது, வேலையில் இருப்பவர்களுக்கான அதன் வகுப்புகள் சென்னையிலேயே நடக்கின்றன. லயோலா வளாகத்தில் உள்ள லிபா மேலாண்மைக் கல்லூரி மாலை நேர வகுப்புகளுக்குப் பெயர் வாங்கிய இடம். பெங்களூருவுக்கு ரயிலேறத் தயாராக இருந்தால் வேலையில் இருப்பவர்களுக்கான ஐஐஎம் பெங்களூருவின் பிஜிபிஇஎம் இருக்கிறது. 2017ஆம் ஆண்டின் ஐஐஎம் சட்டம் 2018 ஜனவரி இறுதியில் நடைமுறைக்கு வந்த பிறகு ஐஐஎம்கள் டிப்ளமோ தருவதோடு நிற்காமல் பட்டமே தரலாம். பின்னாளில் பிஎச்டி செய்யவோ வெளிநாட்டில் குடியேறவோ எண்ணம் இருந்தால், நீங்கள் சேரும் வகுப்பு பட்டம் தருகிறதா, சான்றிதழ் தருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஐஎஸ்பியின் பிஜிபி பெயர் பெற்றது, ஆனால் அது பட்டமில்லை.

சரி, பொறுப்பு வந்த பிறகு படித்தால் என்ன வித்தியாசம்? ஐடியில் பத்து ஆண்டு ஆனவர் ஒரு நாள் ஒரு கிளையன்ட்டுக்கே பொறுப்பான அக்கவுன்ட் மேலாளர் ஆகிறார். நேற்று வரை அவருக்குத் தெரிந்தது குறித்த தேதிக்குள் வேலையை முடித்துக் கொடுப்பது. இன்று லாப விகிதமான மார்ஜின் ஏன் மூன்று புள்ளி இறங்கியது என்று கேட்கிறார்கள். புராஜெக்ட் இல்லாமல் பெஞ்சில் எத்தனை பேர், கிளையன்ட் இடத்தில் ஆன்சைட்டில் எத்தனை பேர், சீனியர் ஒருவருக்குப் பதில் இரண்டு ஃபிரெஷர்களைப் போட்டால் பில்லிங் என்ன ஆகும் என்பதெல்லாம் அவர் பார்க்க வேண்டியவை ஆகிவிட்டன. அந்த வாரம் காஸ்ட் அக்கவுன்டிங் வகுப்பில் நிலையான செலவு, மாறும் செலவு என்று பேராசிரியர் பலகையில் எழுதும்போது அவருக்கு அது பாடமாகத் தெரியாது, திங்கட்கிழமை காலை மீட்டிங்காகத் தெரியும். சனிக்கிழமை கற்றதைத் திங்கட்கிழமை செய்து பார்த்து, தப்பு வந்தால் அடுத்த சனிக்கிழமை வந்து கேட்க முடிகிறது.

தொழிற்சாலையிலும் இப்படித்தான். ஷிஃப்ட் பொறுப்பாளராக இருந்தவரை உற்பத்தி எண்ணிக்கைதான் கவலை. பிளான்ட்டில் ஒரு பிரிவுக்கே தலைமை என்றானதும் அம்பத்தூர் வெண்டரோடு விலை பேச வேண்டும், யூனியனோடு உட்கார வேண்டும், கிடங்கில் தூங்கும் உதிரி பாகங்களில் எவ்வளவு பணம் முடங்கியிருக்கிறது என்று கணக்குக் காட்ட வேண்டும். பேச்சுவார்த்தை நடத்துவது பற்றிய பாடத்தை இருபத்து நாலு வயதில் கேட்டவருக்கு அது தேர்வோடு போய்விடும். யூனியன் அறையிலிருந்து வெளியே வந்த மறுநாள் கேட்பவருக்கு ஒட்டிக்கொள்ளும். பசி எடுத்த பிறகு சாப்பிடுவதுபோல, கேள்வி வந்த பிறகு படிப்பதுதான் உடம்பில் சேரும்.

எதிர்ப்பக்கமும் உண்டு. இரண்டு ஆண்டுக்கு வார இறுதி கிடையாது. குவார்ட்டர் முடியும் வாரத்தில் அசைன்மென்ட்டும் வந்து விழும். அமெரிக்க கிளையன்ட் வைத்திருப்பவருக்கு வெள்ளி இரவு கால் முடிய நள்ளிரவாகும், சனி காலை ஒன்பது மணிக்கு வகுப்பு. நடுவில் விட்டுவிட்டுப் போகிறவர்கள் பாடம் கடினம் என்று போவதில்லை, மாற்றலோ ஆன்சைட்டோ வந்து போகிறார்கள். சேர்வதற்கு முன் அடுத்த பதினெட்டு மாதத்தில் மாற்றல் வருமா என்று மேலாளரிடம் நேராகக் கேட்டுவிடுவது நல்லது. வகுப்புத் தோழர்களோடு நெருக்கம் வளாகத்தில் தங்கிப் படிப்பவர்களுக்கு வருவதுபோல் வராது என்பதும் உண்மைதான். பிளேஸ்மென்ட்டையும் இதில் எதிர்பார்க்கக் கூடாது, நீங்கள் ஏறுவது இருக்கும் நிறுவனத்தின் ஏணியில்தான்.

பெண்களுக்கு இந்தக் கணக்கு வேறு

எட்டு முதல் பன்னிரண்டு ஆண்டு என்று நான் சொன்ன காலம் முப்பதிலிருந்து முப்பத்தைந்து வயதுக்குள் வருகிறது. நம் வீடுகளில் பெண்களுக்குக் குழந்தை, அதன் வளர்ப்பு எல்லாம் வந்து சேர்வதும் அதே ஆண்டுகளில்தான். கணவர் சனி, ஞாயிறு வகுப்புக்குப் போனால் "பாவம், எவ்வளவு கஷ்டப்படுறார்" என்று காபி வரும். மனைவி போனால் "குழந்தையை யார் பார்த்துக்கிறது?" என்ற கேள்வி வரும். இந்த அநியாயத்தைக் கண்டுகொள்ளாமல் எல்லோருக்கும் ஒரே ஆலோசனை சொல்வது நேர்மையில்லை.

அதனால் பெண்களுக்கு நான் சொல்வது கொஞ்சம் மாறுகிறது. படிக்கும் எண்ணம் உறுதியாக இருந்தால், நான்கு, ஐந்து ஆண்டு அனுபவத்திலேயே ஓராண்டு முழுநேரப் படிப்பை முடித்துவிடுவதில் நியாயம் உண்டு. ஓராண்டில் முடிந்துவிடுகிறது, யாரும் நடுவில் இழுத்துப் பிடிக்க முடியாது, மேலாளர் பதவியோடு மகப்பேறு விடுப்புக்குப் போய்த் திரும்பும்போது பேரம் பேசும் வலுவும் கூடுதலாக இருக்கும். குழந்தை பிறந்த பிறகுதான் முடியும் என்றால் முதல் இரண்டு ஆண்டை விட்டுவிட்டு, வீட்டில் எல்லோரையும் உட்கார வைத்து, எந்தெந்த ஞாயிறு யார் பொறுப்பு என்று பேசி முடித்த பிறகு சேரலாம். அம்மாவோ மாமியாரோ பார்த்துக்கொள்வார்கள் என்று கணவர் ஒதுங்கிவிடக் கூடாது. அவருடைய ஞாயிறுகளும் இதில் போகத்தான் வேண்டும்.

பதினைந்து ஆண்டுக்குப் பிறகு

இந்த நிலையில் நீண்ட படிப்பு பெரும்பாலும் தேவையில்லை. தேவைப்படுவது ஒரு குறிப்பிட்ட விஷயம்: நிதி தெரியாமல் ஒரு பிரிவின் தலைவரானவருக்கு நிதி, இந்தியாவை மட்டும் பார்த்தவருக்கு வெளிநாட்டுச் சந்தை, இயக்குநர் குழுவில் உட்காரப் போகிறவருக்கு அதன் நடைமுறை. ஐஐஎம்களும் ஐஎஸ்பியும் ஆஸ்கியும் சில நாளிலிருந்து சில வாரம் வரையிலான வகுப்புகளை இதற்காக நடத்துகின்றன. நிறுவனமே பணம் கட்டி அனுப்பும் வழக்கமும் இங்கேதான் அதிகம். டாடா குழுமத்தில் பத்து ஆண்டுக்கு மேல் இருந்த பிறகு ரத்தன் டாடா 1975இல் ஹார்வர்டின் அட்வான்ஸ்டு மேனேஜ்மென்ட் புரோகிராமை முடித்தார். 2010இல் டாடா குழுமம் ஹார்வர்ட் வணிகப் பள்ளிக்கு 5 கோடி டாலர் கொடுத்தது. அந்தப் பணத்தில் கட்டிய டாடா ஹால் இதுபோன்ற எக்சிகியூட்டிவ் வகுப்புகளுக்கானதுதான்.

இணையத்தில் விற்கப்படும் சான்றிதழ் வகுப்புகளில்தான் கவனம் வேண்டும். பெரிய கல்லூரியின் பெயர் இருக்கும், விற்பது ஒரு இணைய நிறுவனமாக இருக்கும், "இன்னும் மூன்று சீட்தான் சார்" என்று தினமும் போன் வரும். கட்டணத்தோடு 18 சதவீத ஜிஎஸ்டி சேரும். பேராசிரியர் நேரலையில் எத்தனை மணி நேரம் வருவார், பதிவு செய்த வீடியோ எவ்வளவு, வளாகத்தில் எத்தனை நாள் என்று எழுத்தில் கேளுங்கள். பதில் மழுப்பலாக இருந்தால் விட்டுவிடலாம். "பத்து நாள் எம்பிஏ" போன்ற பெயர்களில் வரும் வகுப்புகள் பட்டமே இல்லை என்று யுஜிசி 2024இல் எச்சரித்தது. அதே யுஜிசி, அங்கீகாரம் பெற்ற பல்கலைக்கழகங்களின் தொலைநிலை, இணையவழிப் பட்டங்கள் நேரடிப் பட்டத்துக்குச் சமம் என்று 2022இல் அறிவித்திருக்கிறது. பதவி உயர்வுக்கு ஒரு முதுகலைப் பட்டம் ஆவணமாக வேண்டும், பணம் குறைவு என்றால் இக்னோ எம்பிஏ போன்றவை போதும். அதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

படிக்காமலே இருப்பதும் ஒரு தேர்வு. திருச்சி ஆர்இசியில் எம்சிஏ முடித்து 1987இல் டிசிஎஸ்ஸில் சேர்ந்த என். சந்திரசேகரன், 2009இல் அதன் தலைமைச் செயல் அதிகாரியாகவும் 2017இல் டாடா சன்ஸ் தலைவராகவும் ஆனார். எம்பிஏ பட்டம் அதற்குத் தேவைப்படவில்லை. உங்கள் நிறுவனத்தில் மேலே இருப்பவர்களின் பின்னணியைப் பாருங்கள். அவர்களில் பெரும்பாலோர் உள்ளிருந்தே வளர்ந்தவர்கள் என்றால், இரண்டு ஆண்டுப் படிப்பைவிட ஒரு புதிய பிராஞ்சையோ நஷ்டத்தில் ஓடும் பிரிவையோ கேட்டு வாங்கி நடத்துவது அதிகம் கற்றுத்தரும்.

நிறுவனம் பணம் கட்டினால்

அது நல்ல விஷயம், கூடவே பாண்ட் வரும். படித்து முடித்தபின் இரண்டு, மூன்று ஆண்டு அங்கேயே இருக்க வேண்டும், இல்லையென்றால் பணத்தைத் திருப்பித் தர வேண்டும். அதெல்லாம் கோர்ட்டில் நிற்காது என்று நண்பர்கள் சொல்வதை நம்பிக் கையெழுத்துப் போட வேண்டாம். 2025 மே மாதம் விஜயா வங்கி வழக்கில், மூன்று ஆண்டுக்கு முன் விலகினால் 2 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை செல்லும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அது பொதுத்துறை வங்கியின் ஆள் சேர்ப்புச் செலவு பற்றிய வழக்கு என்றாலும், பாண்ட் என்றாலே வெற்றுக் காகிதம் என்ற எண்ணத்தை அது மாற்ற வேண்டும். கையெழுத்துக்கு முன் இரண்டு விஷயத்தைக் கேட்டு வாங்குங்கள்: ஆண்டுக்கு ஆண்டு திருப்பித் தரவேண்டிய தொகை குறைய வேண்டும், நிறுவனமே உங்களை வேலையை விட்டு நீக்கினால் எதுவும் கட்டத் தேவையில்லை என்று எழுத்தில் இருக்க வேண்டும்.

தேதிகள்

முடிவு எடுத்தாகிவிட்டது, முழுநேரப் படிப்புதான் என்றால் நாட்காட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அகமதாபாத், பெங்களூரு, கல்கத்தா ஐஐஎம்களின் ஓராண்டு வகுப்புகள் ஏப்ரலில் தொடங்குகின்றன. ஐடி நிறுவனங்களில் நோட்டீஸ் பீரியட் பெரும்பாலும் 90 நாள், அதனால் ஜனவரி தொடக்கத்தில் ராஜினாமா கொடுக்க வேண்டும். ஆண்டு போனஸ் கைக்கு வரும் நாளில் பணியில் இருப்பவர்களுக்கு மட்டும்தான் அது கிடைக்கும் என்று பல நிறுவனங்களின் விதி சொல்கிறது. ஏப்ரலுக்குப் பிறகு போனஸ் தரும் நிறுவனமென்றால் அதை இழப்பீர்கள், இதையும் செலவில் சேருங்கள். பணிக்கொடையான கிராஜுவிட்டிக்கு ஐந்து ஆண்டு தொடர்ந்த பணி வேண்டும். நாலரை ஆண்டில் கிளம்புகிறவர், அடுத்த ஆண்டு வகுப்புக்குத் தள்ளிப்போட முடியுமா என்று ஒருமுறை கணக்குப் பார்க்கலாம்.

இந்தப் படிப்புகளுக்கான நுழைவுத் தேர்வுகளில் ஜிமேட், ஜிஆர்இ மதிப்பெண் ஐந்து ஆண்டு செல்லும். கேட் மதிப்பெண்ணை நம்பினால் ஏறத்தாழ ஓராண்டுதான். அதனால் இன்னும் முடிவு எடுக்காதவர்களும், மூன்று, நான்கு ஆண்டு அனுபவத்தில் கணக்கும் படிக்கும் பழக்கமும் விட்டுப்போகாமல் இருக்கும்போதே ஜிமேட் எழுதி வைத்துக்கொள்ளலாம். மதிப்பெண் எட்டாவது ஆண்டு வரை கையில் இருக்கும்.